தூணுக்குப் பின்னால் ஓர் இடம்

அத்தியாயம் 7

“ஏன் பாஸ், இந்த ஊர்ல ஆடு மாடெல்லாம் சாவி வச்சுக்கிட்டுத்தான் மேயப் போகுமா?”

வின்னி ஸ்டப்ஸ் அந்த மரக் கேட்டின் மேல் ஒரு காலை அந்தப் பக்கமும் ஒரு காலை இந்தப் பக்கமும் போட்டு, இறங்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தாள். லண்டன்காரி. ஓடுகிற டிராமில் தொங்கச் சொன்னால் தொங்குவாள். வயல் கேட் ஏறிப் பழக்கமில்லை. துப்பறியும் ஹாரபி கீழே அவளுடைய தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்வை மட்டும் கேட்டில் சுற்றியிருந்த சங்கிலியில். கேட் கிழடு. சங்கிலியும் பூட்டும் புத்தம் புதுசு.

“பக்கத்துல ஒரு பலகை இருக்கு பாரு. படி.”

“‘பொதுவழி.’ பொதுவழியாம்! பொதுவா எல்லாரும் விழுந்து காலை ஒடிச்சுக்கலாம்னு அர்த்தம் போல.”

குதித்தாள். அக்டோபர் மாசச் சேறு கணுக்கால் வரை வாங்கிக்கொண்டது.

வழி, ஆட்டு வயலுக்கு நடுவே ஓடைக்கு இறங்கியது. ஓடையின் மேல் கைப்பிடி இல்லாத ஒற்றைப் பலகைப் பாலம். அதன் கீழேதான் திங்கட்கிழமை காலையில் மிஸ் பார்ஜெட்டரைக் கண்டெடுத்தார்கள். அறுபதைத் தாண்டிய ஒண்டிக்கட்டை. தலை கல்லில் மோதியிருந்தது. மழையோ பனியோ, தினம் சாயங்காலம் இந்த வழியாக ஒரு நடை போய் வருவாள். ஊரில் மற்றவர்கள் தார் ரோட்டுக்கு மாறி எத்தனையோ வருஷமாயிற்று. ஒருத்தருமே நடக்காமல் போனால் நிலத்துக்காரர் மேஜர் தர்லோ வழியை மடக்கி வயலோடு சேர்த்துக்கொள்வார். அது பொறுக்காமல்தான் அந்த அம்மாள் நடந்தாள். மேஜர் கம்பி கட்டின போதெல்லாம், அன்றைக்கு இருட்டுவதற்குள் கத்தரியோடு வந்து வெட்டிப் போட்டுவிட்டு, பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அவளைக் கொன்றதாக இப்போது ஜெம் ஹாட்ச் உள்ளே இருக்கிறான். வேலி கட்டுவது, கூரைக்கு ஒட்டுப்போடுவது என்று கிடைத்த வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள் வீட்டுக் கதவை உடைக்கிற மாதிரி தட்டினான், கத்தினான். பாதி ஊர் கேட்டிருக்கிறது. போதாதா? போலீசுக்குப் போதும். ஆனால் சனிக்கிழமை மதியத்திலிருந்து ஞாயிறு மதியம் வரை அவன் டவுனில் அக்கா வீட்டில் இருந்தான். அந்த அக்காதான் ஹாரபியின் ஆபீஸுக்கு வந்து, துணி வெளுத்து வெளுத்துத் தோலுரிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதவள். மிஸ் பார்ஜெட்டர் செத்தது சனிக்கிழமை என்றால் ஜெம் பிழைத்தான். ஞாயிறு என்றால் தூக்கு. டாக்டரோ, குளிர்ந்த தண்ணீரில் கிடந்த உடம்பு, எந்த நாள் என்று சொல்வதற்கில்லை என்று கைகழுவிவிட்டார்.

ஆனால் ஊரில் ஆறு பேர் சத்தியம் பண்ணிச் சொல்லியிருந்தார்கள், ஞாயிறு மாலை ஆராதனையில் அவளைப் பார்த்தோம் என்று. நாளைக் காலையில் ஜெம்மைக் கொண்டுபோக ஜெயில் வண்டி வருகிறது.

“ஆறுக்கு ஒண்ணு,” என்றாள் வின்னி. “இவன் பக்கம் பந்தயம் கட்ட ஒரு பைத்தியக்காரன் கூட கிடைக்கமாட்டான் பாஸ். நம்மளைத் தவிர.”

*

அந்த ஊரில் லாக்கப் கிடையாது. கான்ஸ்டபிள் பிம்மின் வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற அறைதான் லாக்கப். ஜெம் கவிழ்த்துப் போட்ட தொட்டியின் மேல் உட்கார்ந்திருந்தான். பிம்மின் மனைவி கொடுத்த டீ தொடாமல் ஆறிக் கிடந்தது.

“ஞாயித்துக்கிழமை அவங்க சர்ச்சுக்கு வரலை.” சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். “சொல்லிட்டேன். பொய்யன்னாங்க. இன்னொரு தரம் சொன்னா மட்டும் நம்பவா போறாங்க?”

“நீ சர்ச் பக்கமே எட்டிப் பார்க்காதவனாமே? அன்னிக்கு மட்டும் எதுக்குப் போன?”

ஜெம் தன் விரல் நகங்களைப் பார்த்தான். ஓரமெல்லாம் பழுப்பு ஏறியிருந்தது. சட்டென்று கையை மடக்கிக்கொண்டான். ஹாரபி அதைப் பார்த்தார்.

“சரி, வரலைன்னதும்?”

“வீட்டுக்குப் போய்த் தட்டுனேன். விளக்கே எரியலை. கீழ கீழ விழுந்து கிடக்கறாங்களோன்னு பயமாயிடுச்சு. அதான் கத்துனேன்.” முதல்முறையாக ஹாரபி பக்கம் திரும்பினான். “அவங்களுக்கு யார் சார் இருக்கா?”

வெளியே வந்ததும் ஹாரபி பிம்மைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த ஆறு பேர் சரியா என்ன சொன்னாங்க?”

“அவங்க இடத்துல உக்காந்திருந்தாங்கன்னு சொன்னாங்க ஐயா. எப்பவும் போல.”

“என்ன தொப்பி?”

“எப்பவும் போடற தொப்பி.”

“யார்கிட்டயாவது பேசினாங்களா?”

“எப்பவும் போல குட் ஈவினிங் சொல்லியிருப்பாங்க.”

“சொன்னாங்களா, சொல்லியிருப்பாங்களா?”

பிம் தலையைச் சொறிந்தார். “அது… எப்பவும் போலத்தானே ஐயா.”

“ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணு செஞ்சு வச்சுக்கலாமே,” என்றாள் வின்னி. “ஆறு தரம் எழுதற வேலை மிச்சம்.”

“முதல்ல சொன்னது யாரு பிம்?”

“மேஜர்தான் ஐயா. சர்ச் நிர்வாகம் பூரா அவர் கையில. ஓடைக்கரையில பாடியைத் தூக்கறப்போ, ‘நேத்து சாயங்காலம்கூட அவங்க இடத்துல இருந்தாங்களே, பாவம்’னு சொன்னார். கூடி நின்னவங்களும் ஆமா ஆமான்னாங்க. காணிக்கைத் தட்டை அவர்தான் நீட்டினாராம், அந்தம்மா கையுறை இவர் கையில பட்டுதாம். ஆராதனை முடிஞ்சு நேரா பாதிரியார் வீட்டுல ராத்திரி சாப்பாடு, வேற எங்கயும் போகலை. ரொம்ப மனசு ஒடிஞ்சு போயிருக்கார்.”

“ஒடியும், ஒடியும்,” என்றார் ஹாரபி.

*

சர்ச்சுக்குள் வெளியே இருந்ததைவிடக் குளிர்.

“சாமி எல்லா இடத்துலயும் இருப்பாருன்னு சொல்வாங்க,” வின்னி கையைத் தேய்த்துக்கொண்டாள். “இங்க மட்டும் குளிர் தாங்காம வெளிய போயிட்டாரு போல.”

“நவம்பர் ஒண்ணு, சகல பரிசுத்தவான்கள் திருநாள் வரைக்கும் அடுப்பு மூட்டறதில்லைம்மா,” என்றார் பாதிரியார் ஸ்வேல், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்.” நல்ல மனுஷர், நெடுநெடு உயரம், நிரந்தர ஜலதோஷம். ரெண்டு ஊருக்கு ஒரே பாதிரியார் அவர். காலை ஆராதனை பக்கத்து ஊரில், மாலை இங்கே.

“ஞாயித்துக்கிழமை உங்களுக்கு எப்படிப் போச்சு ஃபாதர்?”

“ஏன் கேக்கறீங்க! அங்கேருந்து மதியம் சைக்கிள்ல வரேன். லேட்டாயிடுச்சேன்னு வயல் வழியா குறுக்க வந்தா, கேட்டுல சங்கிலி! சைக்கிளைத் தலைக்கு மேல தூக்கி இறக்கினேன். முதுகு இன்னும் நேராகலை. மிஸ் பார்ஜெட்டர் பார்த்தா சாயங்காலத்துக்குள்ள அறுத்துப் போட்டுடுவாங்கன்னு சிரிச்சுக்கிட்டே வந்தேன்.” அவர் முகம் வாடியது. “அதுதான் அவங்களை நினைச்சு நான் கடைசியா சிரிச்சது.”

ஹாரபி பாக்கெட் நோட்டில் ஒரு வரி குறித்துக்கொண்டார். பிறகு, “அவங்க இடம் எது?” என்றார்.

அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பெஞ்சு. இன்னொருத்தர் பெஞ்சில் போய் உட்காருவதைவிட அவர் வீட்டுக் கட்டிலில் படுத்துவிடலாம், அவ்வளவு அபசாரம். மிஸ் பார்ஜெட்டருடையது வடக்குப் பக்கம், தூணுக்கும் சுவருக்கும் நடுவே செருகின ஒற்றை ஆள் பெஞ்சு. பக்கத்தில் உட்கார இடம் கிடையாது. அங்கிருந்து பார்த்தால் தூணும் பிரசங்க மேடையும் தெரியும், வேறெதுவும் தெரியாது.

“மேடையிலேர்ந்து நேரா தெரியுமே இந்த இடம். ஞாயித்துக்கிழமை அவங்களை நீங்க பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.” பாதிரியார் நிறுத்தினார். “அதாவது… அங்கதானே இருப்பாங்க எப்பவும்.”

ஹாரபிக்கு ஏனோ தன் ரூம் ஞாபகம் வந்தது. மாடியில் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு கோப்பை, மத்தி மீன் டின். கீழ்வீட்டுக்காரர் தினமும் காலையில் ‘குளிர் ஜாஸ்தி’ என்பார், இவரும் ‘ஆமாம், ஜாஸ்தி’ என்பார். ஒரு நாள் இவர் மாடிப்படி இறங்காமலே போனாலும், போலீஸ் கேட்டால் அந்த மனுஷர் ‘இன்னிக்குக் காலையில்கூடப் பேசினாரே’ என்றுதான் சொல்வார். அதற்கு மேல் நினைக்க ஹாரபிக்குப் பிடிக்கவில்லை.

“எனக்குக் கால் விட்டுப்போச்சு பாஸ்,” என்று வின்னி அந்த ஒற்றைப் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“ஐயோ, அது மிஸ் பார்ஜெட்டரோட இடம்மா!” பாதிரியார் பதறினார்.

“மன்னிச்சுக்குங்க ஃபாதர், இதோ…” எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு முறை முயன்றாள். கண் விரிந்தது. “பாஸ், இந்த சர்ச்சுக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு. விடமாட்டேங்குது!”

ஹாரபி கையைக் கொடுத்து இழுத்தார். பர்ர்ர் என்று ஒரு சத்தம். சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிப் பாவாடையில் பின்னால் ஒரு துண்டு அளவுக்கு நூல் பிய்ந்து பெஞ்சோடு தங்கிவிட்டது.

“என்கிட்ட இருந்த ஒரே நல்ல பாவாடை!”

ஹாரபி அதைக் காதில் வாங்கவில்லை. மண்டிபோட்டு, விளக்கைப் பக்கத்தில் பிடித்து, முகர்ந்து பார்த்தார். எண்ணெய் வாடை. சர்ச் பூராவும் அடித்த மண்ணெண்ணெய் நாற்றத்தில் அமுங்கிக் கிடந்த வாடை.

“வார்னிஷ். மட்டமான சரக்கு, இந்தக் குளிர்ல ஒரு வாரமானாலும் காயாது.”

“வார்னிஷா? யார் அடிச்சது?” பாதிரியாருக்கு மூக்கு இன்னும் சிவந்தது. “நிர்வாகத்தைக் கேக்காம இங்க ஒரு ஆணி அடிக்கக் கூடாதே!”

“அதை விடுங்க ஃபாதர். இந்தப் பலகையைப் பாருங்க. வின்னி உக்காந்த தடம் இருக்கு. வேற ஏதாவது தடம் தெரியுதா?”

பாதிரியார் குனிந்தார். விளக்கு வெளிச்சத்தில் மற்ற இடமெல்லாம் கண்ணாடி மாதிரி வழவழவென்று கிடந்தது. வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“பூசினது என்னிக்குன்னு மட்டும் தெரிஞ்சா போதும்,” என்றார் ஹாரபி. “வா வின்னி. நகத்துல பழுப்பு வச்சிருக்கற ஆளைப் பார்க்கணும்.”

“பின்பக்கம் தெரியாம நடக்கணும். நீங்க எனக்குப் பின்னாலயே வாங்க பாஸ். ஆனா பார்க்காதீங்க.”

*

“சனிக்கிழமை காலையில அடிச்சேன்,” என்றான் ஜெம். கேட்ட உடனேயே உடைந்துவிட்டான். “பஸ் ஏறறதுக்கு முன்னாடி. அந்தப் பெஞ்சுல ஒரே சிராய் சார், வாரா வாரம் ஸ்டாக்கிங் கிழியுதுன்னாங்க. மேஜர்கிட்ட சொல்லிப் பார்த்தாங்களாம். ஆகட்டும் பார்க்கலாம்னுட்டாராம். இந்த மாசம் அவங்க பிறந்தநாள். சரி, நானே இழைச்சு வழவழன்னு பண்ணி வச்சுடலாம்னு…” மூக்கைப் புறங்கையால் துடைத்தான். “ஞாயித்துக்கிழமைக்குள்ள காஞ்சுடும்னு நினைச்சேன். காயலை. உக்காராதீங்கன்னு சொல்லத்தான் சர்ச் வாசல்ல நின்னுட்டிருந்தேன். எல்லாரும் உள்ள போனாங்க. அவங்க வரலை.”

“இதை ஏன்யா போலீஸ்ல சொல்லலை?”

“சர்ச் சாமானைக் கேக்காம தொட்டேன்னு மேஜர் அதுக்கும் ஒரு கேஸ் போடுவார் சார்.”

வின்னி தன் கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினாள். தூக்குக்கயிறு தலைக்கு மேல் தொங்குகிறபோது வார்னிஷுக்குப் பயந்தவனைப் பார்த்து என்ன கிண்டல் பண்ணுவது?

*

சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு, ஆறு சாட்சிகளையும் பாதிரியார் சர்ச்சுக்கு வரவழைத்திருந்தார். பிம் கதவருகே நின்றார். மேஜர் தர்லோ கடைசியாக வந்தார். நல்ல உயர்ந்த கம்பளிக் கோட்டு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி.

“இன்னும் என்னய்யா பாக்கி? அந்தப் பையனைப் பிடிச்சாச்சு. செத்தவங்களையாவது நிம்மதியா விடக்கூடாதா?”

“ஒரு அஞ்சு நிமிஷம் மேஜர்,” ஹாரபி ரொம்பப் பணிவாகச் சொன்னார். “நாளைக்கு கோர்ட்ல வக்கீல் என்னைக் குடைவான். தட்டை நீங்கதானே நீட்டினீங்க?”

“நான்தான். அவங்க கையுறை என் கையில பட்டுது. ஜில்லுன்னு இருந்தது.”

“இந்தத் தூண் மறைக்குதே. அவங்க எப்படி உக்காந்திருந்தாங்க, கையை எப்படி நீட்டினாங்க? கொஞ்சம் உக்காந்து காட்டினா நல்லா இருக்கும்.”

அடுத்தவர் பெஞ்சு. மேஜருக்கே ஒரு வினாடி கூச்சம் தட்டியது. ஆனால் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே. “இப்படி,” என்று உட்கார்ந்தார். “இப்படி சாஞ்சு, இந்தக் கையால போட்டாங்க. போதுமா?”

“போதும். ரொம்ப நன்றி. எழுந்திருங்க.”

மேஜர் எழுந்தார். எழப் பார்த்தார். கோட்டு வரவில்லை. முகம் சிவக்க, கைத்தடியை ஊன்றி இன்னொரு தரம் முயன்றார். பெஞ்சு அவரை விடவில்லை.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. வின்னிகூட.

“சனிக்கிழமை காலையில அடிச்ச வார்னிஷ் அது,” என்றார் ஹாரபி. “அஞ்சு நாள் ஆச்சு. இப்பவே உங்களை இந்தப் பிடி பிடிக்குது. ஞாயித்துக்கிழமை அவங்க வந்து உக்காந்திருந்தா அவங்க கோட்டுல பாதி இங்கதான் இருந்திருக்கும். மதியம் ஃபாதர் பார்த்தப்போ இதுல ஒரே ஒரு தடம்தான் இருந்தது. அது என் அசிஸ்டென்ட் பாவாடை.”

அவர் திரும்பி மற்ற ஐந்து பேரையும் பார்த்தார்.

தபாலாபீஸ் அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். “நான் பார்த்தேன்னுதான்… மேஜர் சொன்னாரே… அவங்க எப்பவும் இருப்பாங்களேன்னு…” கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “இல்லை. நான் திரும்பியே பார்க்கலை. என்னிக்கும் பார்த்ததில்லை.”

ஒவ்வொருத்தராகத் தலை குனிந்தது. கடைசியில் பாதிரியார், “இந்த மேடையில நின்னு, அவங்களுக்கு நேரா நின்னு, அன்பைப் பத்திப் பிரசங்கம் பண்ணினேன்,” என்றார். “அந்த இடம் காலியா இருந்தது எனக்குத் தெரியலை.” அவருக்குக் கண் கலங்கியது ஜலதோஷத்தால் இல்லை.

“சரி, எனக்கும் ஞாபகப் பிசகு!” மேஜர் உட்கார்ந்தபடியே கத்தினார். “இவங்க அஞ்சு பேருக்கும் வந்த பிசகுதானே? அதுக்கு என்ன இப்போ?”

“இவங்க பழக்கத்துல சொன்னாங்க. ஜில்லுன்னு கையுறை பட்டுதுன்னு ஒருத்தரும் கதை கட்டலை. போகட்டும், அதையும் விடறேன். உங்க கேட்டுக்குச் சங்கிலி போட்டது எப்போ?”

மேஜர் கோட்டு நுனியைப் பிடித்து இழுத்தார்.

“ஞாயித்துக்கிழமை மதியம் ஃபாதர் அந்தச் சங்கிலிக்கு மேல சைக்கிளைத் தூக்கிட்டு வந்திருக்கார். இத்தனை வருஷமா நீங்க என்ன கட்டினாலும் அன்னிக்கு சாயங்காலமே வெட்டிப் போடற பொம்பளை. அது தெரிஞ்சும் கைக்காசைப் போட்டுப் புதுச் சங்கிலி, புதுப் பூட்டு. அன்னிக்கு சாயங்காலம் அவங்க வரமாட்டாங்கன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்குத்தான் தெரியும் மேஜர். திங்கக்கிழமைதான் பாடியே கிடைச்சது.”

மேஜரின் கைத்தடி தரையில் விழுந்து உருண்டது. அதை எடுத்துக் கொடுக்க யாரும் குனியவில்லை.

“தள்ளணும்னு நினைக்கலை,” என்றார், குரல் மாறிப்போய். “சனிக்கிழமை சாயங்காலம். பலகை மேல நின்னுக்கிட்டு, ‘குட் ஈவினிங் மேஜர், நான் சும்மா நடந்து போறேன்’னு சொன்னா. அதே சிரிப்பு. பதினோரு வருஷமா அதே சிரிப்பு. கைத்தடியால ஒதுக்கினேன்… அவ்வளவுதான். எழுந்திருப்பான்னு பார்த்தேன். அப்புறம் வீட்டுக்குப் போயிட்டேன். மறுநாள் பூரா, அவளைக் காணோம்னு யாராவது வந்து கேப்பாங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்.” நிமிர்ந்து எல்லாரையும் பார்த்தார். “ஒருத்தரும் கேக்கலை. நான் சொன்னதும் ஆமான்னீங்க.”

பிம் அவரைப் பெஞ்சிலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

*

துணி துவைக்கிற அறையிலிருந்து வெளியே வந்த ஜெம், குளிரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். பிம் ஏதோ மன்னிப்பு மாதிரி முணுமுணுத்ததை அவன் கவனிக்கவே இல்லை.

“சார், அந்தப் பெஞ்சு ரொம்பக் கெட்டுப்போச்சா?”

“ரெண்டு தடம். ஒண்ணு என் அசிஸ்டென்ட், ஒண்ணு மேஜர்.”

“தேச்சு எடுத்துடலாம். இன்னும் ஒரு பூச்சுக்கு வார்னிஷ் பாக்கி இருக்கு.” நடக்க ஆரம்பித்தவன் நின்றான். “அடக்கத்துக்கு முன்னாடி முடிச்சுடணும். அன்னிக்கு அங்க யாரும் உக்காராம பார்த்துக்கச் சொல்லுங்க சார்.”

“சொல்றேன்பா,” என்றார் ஹாரபி.

பஸ் தார் ரோட்டில் வரும். ஆனால் ஹாரபி எதிர்ப்பக்கம், வயலை நோக்கி நடந்தார்.

“பாஸ், பஸ் அந்தப் பக்கம்.”

“தெரியும். இந்த வழியில இன்னிக்கு சாயங்காலம் யாரும் நடக்கலை. நாம ரயிலுக்கு நடந்தே போயிடலாம்.”

வின்னி பாவாடையைப் பின்னால் கையால் மூடிக்கொண்டு கூடவே வந்தாள். பலகைப் பாலத்தைத் தாண்டினார்கள். கேட்டில் பிம் அனுப்பின ஆள் ஒருத்தன் சங்கிலியை அறுத்துக்கொண்டிருந்தான். தூரத்தில் சர்ச்சில் ஒற்றை விளக்கு எரிந்தது.

வெகுதூரம் போனபிறகு வின்னி திடீரென்று ஆரம்பித்தாள்.

“இதோ பாருங்க பாஸ். நீங்க ஒரு நாள் சொல்லாம கொள்ளாம ஆபீஸுக்கு வரலைன்னு வச்சுக்கோங்க. நான் டீ போட மாட்டேன், போன் எடுக்க மாட்டேன். நேரா உங்க வீட்டுக்கு வந்து கதவை உடைப்பேன். உங்க கீழ்வீட்டுக்காரர் என்ன கத்தினாலும் சரி.”

ஹாரபி கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். இருட்டில் முகம் தெரியவில்லை.

“உடைக்காதே வின்னி. சாவி மிதியடிக்குக் கீழ இருக்கு.”